ஓரம் வெட்டாத படம்

என் மாமனாருக்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான் பிடிக்கும். சிரிப்புப் படம். அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களிலும் ஆற்றங்கரையிலும் எடுத்தது. வந்த புதிதில் ஜங்ஷன் தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த வாரத்துக்குள் போய்ப் பார்த்த கொஞ்சப் பேரில் அவரும் ஒருவர். பிற்பாடு கேபிள் டிவிக்காரர்கள் மத்தியான நேரங்களில் போட்டுப் போட்டு, ஊரே அதன் வசனங்களைப் பேசத் தொடங்கியபோது, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். தானே எடுத்த படம் மாதிரி ஒரு பெருமை.

அவர் பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் எடுத்தவர். ஞாயிறு ஆராதனையில், கோயிலில் வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தால் மைக் தேவைப்படாது. வேடிக்கையாகப் பேசுகிறவர் என்று ஊரில் பெயர். "சார் வாயத் தொறந்தா வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அவருடைய ஒவ்வொரு வேடிக்கைக்கும் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது, அடி வாங்குவதற்கு.

நான் அந்த வீட்டுக்குக் கடைசி மருமகளாகப் போனேன். மூத்த மகன் மதுரையிலும் அடுத்தவர் சென்னையிலும் இருந்தார்கள். நானும் என் கணவரும் மாமனார் மாமியாரோடு இருந்தோம். கிறிஸ்மஸுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். காலை ஆராதனை, பிரியாணி, அதற்குப் பிறகு அந்தப் படம். பஜாரில் வாங்கிய இரண்டு சிடிக்கள். முதல் சிடி முடிந்ததும் யாராவது எழுந்து அடுத்ததை மாற்ற வேண்டும். படம் சாயம் போன சேலை மாதிரி இருக்கும். முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆனாலும் அந்த வீட்டில் எல்லோரும் அடுத்த வசனத்தை முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார்கள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வீட்டில் கிழவர் செத்துப்போகிறார். அவருக்கு ஒரு தங்கப் பல் உண்டு. குளிப்பாட்டும்போது பார்த்தால் பல்லைக் காணவில்லை. மூன்று மகன்களும் ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள். பல் கிடைக்காமல் பிணத்தை எடுக்கக் கூடாது என்று மூத்தவன் சொல்லிவிடுகிறான். வீட்டு வாத்து ஒன்று எதையோ விழுங்கியதைப் பார்த்ததாக நடுவில் உள்ளவன் சொல்கிறான். அப்புறம் மூன்று பேரும் வேலைவெட்டியை விட்டுவிட்டு வாத்தின் பின்னாலேயே திரிகிறார்கள். இங்கே கிழவர் ஐஸ் கட்டிமேல் கிடக்கிறார். அறுவடை முடிந்த வயலில் மேய்க்க வந்த வாத்துக் கூட்டத்துக்குள் இவர்களுடைய வாத்து ஓடிக் கலந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான வாத்துகளுக்கு நடுவே, வெள்ளை வேட்டி கட்டிய மூன்று பேர் நின்று, ஒவ்வொரு வாத்தையும் தூக்கி முகத்தைப் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்தக் காட்சி ஓடும் நேரம் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். அதற்கு இணையான சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு சமையல்காரி உண்டு. காது கேட்காதவள். யார் எதைக் கேட்டாலும் "சோறு வெந்துட்டு" என்பாள். பல் எங்கே என்றாலும் அதுதான், தீப்பிடித்துக்கொண்டது என்றாலும் அதுதான். கோபம் தாங்காமல் மூத்தவன் அவளைக் கன்னத்தில் அறைவான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, "சோறு வெந்துட்டு" என்பாள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் சிரிப்பு கூரையைத் தூக்கும்.

ஏனென்றால் என் மாமியாருக்கும் இடது காது கேட்காது.

படம் வந்த நாளிலிருந்து மாமனார் அவரை அந்த வசனத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "ஏ சோறு வெந்துட்டு, காப்பி கொண்டா." விருந்தாளிகளிடம், "நம்ம வீட்டு ஸ்டார இன்னும் பாக்கலியே நீங்க" என்று சொல்லி மாமியாரை அடுக்களையிலிருந்து கூப்பிடுவார். வந்து நின்றதும் இடது பக்கமாகப் போய் மெதுவாக ஏதாவது கேட்பார். அவர் முழிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மகன்கள் சிரித்தார்கள். பேரப்பிள்ளைகள் "சோறுவெந்துட்டு ஆச்சி" என்றே பேசப் பழகின. மாமியார் அந்தப் படத்தை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அது ஓடும்போது அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வீட்டு மருமகள் ஸ்டுடியோவுக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கண் மட்டும் நிற்கவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் எங்கே வெட்டியிருக்கிறான், எங்கே ஒட்டியிருக்கிறான் என்றுதான் முதலில் பார்க்கும். அந்தச் சிடியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். யாரோ ஓரத்தைப் பார்த்துப் பேசுவார்கள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கடைசிக் காட்சியில் ஒரு பஸ் போகும். சும்மா ஒரு பஸ். ஏன் அப்படி முடித்தான் என்று யாருக்கும் தெரியாது.

மாமனாருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன்கள் சேர்ந்து சுவர் அகல டிவி ஒன்றும், அதோடு அந்தப் படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கழித்து யாரோ அதன் மூலச் சுருளைத் தேடிப் பிடித்து, அழுக்கெடுத்து, ஒலியைச் சுத்தம் செய்து, கீழே ஆங்கிலத்தில் எழுத்தும் ஓடவிட்டு வெளியிட்டிருந்தார்கள். போட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயல் பச்சையாக இருந்தது. ஐஸ் கட்டி உருகிச் சொட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. வாத்துக் கூட்டத்தில் அந்த ஒரு வாத்துக்கு மட்டும் இடது இறக்கையில் பழுப்புத் திட்டு இருப்பது தெரிந்தது. அந்த மூன்று முட்டாள்களும் அதைக் கையில் எடுத்து, முகத்தைப் பார்த்து, இது இல்லை என்று கீழே விடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், படத்தின் இரண்டு ஓரங்களும் திரும்பி வந்திருந்தன. பழைய டிவி சதுரம். அதற்குள் அடங்க வேண்டும் என்று சினிமாவின் இரண்டு பக்கத்தையும் வெட்டித்தான் சிடி போடுவார்கள். வெட்டுப்பட்ட அந்த இடத்தில், காட்சிக்குக் காட்சி, தூணோடு தூணாக அந்தச் சமையல்காரி நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் தம்பிகள் ரகசியம் பேசும்போது அவள் கண் பேசுகிறவன் பக்கம் போகிறது. பல் என்ற சொல் வரும்போது அவள் கையிலிருக்கும் கரண்டி நிற்கிறது. கடைசியில் போகிற பஸ்ஸின் பின் ஜன்னலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அந்தப் பழுப்பு இறக்கை வாத்தோடு.

என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"மாமா, அவளுக்குக் காது கேக்கும்" என்றேன்.

"எவளுக்குட்டி?"

"சமையக்காரிக்கு. எல்லாத்தயும் ஓரமா நின்னு கேட்டுக்கிட்டுதான் இருக்கா. சிடியில ஓரத்த வெட்டிட்டதால நமக்குத் தெரியல. கடைசி பஸ்ல பாருங்க, வாத்து அவ மடியிலதான் இருக்கு."

"நான் தியேட்டர்ல பாத்தவன். அங்கன வாத்தும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

மதுரையிலிருந்து வந்த மூத்தவர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். பளிச்சென்று வாத்து. "ஐ, ஆமா தாத்தா! வாத்து!" என்று பிள்ளைகள் கத்தின. மாமனாரின் முகம் ஒரு நொடி வெறுமையாக இருந்தது. ஆயிரம் தடவை பார்த்த படத்தில் ஒன்றைத் தவறவிட்டதை, நேற்று வந்த மருமகள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கட்டிக்கிட்டு வந்து இத்தன வருஷமாச்சு, வயித்துல ஒண்ணும் தங்கலியேன்னு பாத்தேன். பெறத்தான் தெரியல, வாத்து பாக்கத் தெரியுது."

மூத்தவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் ஒவ்வொருவராக. என் கணவர் கடைசியில் சிரித்தார். ஆனால் சிரித்தார்.

நான் அடுக்களைக்குப் போனேன். மாமியார் குழாயை நிறுத்திவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணுமில்ல அத்தே."

"நீ என்ன சொன்ன?"

"படத்துல வர்ற சமையக்காரிக்குக் காது கேக்கும்னு சொன்னேன்."

அவர் கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "கேக்குமா? எல்லாமேவா?"

"எல்லாமே, அத்தே."

அவர் தொட்டிப் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மாமனார் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டிருந்தன. பேச்சும் போய்விட்டது. கோயிலை நிரப்பிய அந்தக் குரலில் "ஆ" என்ற ஒலி மட்டும்தான் மிச்சம். தண்ணீருக்கும் அதே ஆ, வலிக்கும் அதே ஆ. எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வராது என்று டாக்டர் சொன்னார். கட்டிலை ஹாலில் டிவிக்கு எதிரே போட்டோம். மூத்த மகன்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டு அவரவர் ஊருக்குப் போனார்கள்.

ஒரு மத்தியானம் மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏட்டி, அந்தப் படத்தப் போடு."

"எதை அத்தே?"

"இவியளுக்குப் பிடிச்சத. கீழ எழுத்து ஓடுமாமே, அதோட போடு."

மாமியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து ஆசிரியப் பயிற்சி முடித்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆங்கில எழுத்தை என்னைவிட வேகமாக வாசித்தார். இருபது வருஷமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டும் கேட்காமலும் ஓடிய படத்தை, அவர் முதல்முறையாக ஒரு வார்த்தை விடாமல் பார்த்தார். ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போதே சமையல்காரியைக் கண்டுபிடித்துவிட்டார். "இந்தா நிக்கா பாரு" என்று திரைக்குப் பக்கத்தில் போய்க் காட்டினார். வாத்துகளின் முகத்தைப் பார்க்கும் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. கனமான, ஆண்பிள்ளைச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் மாமனார் கண்ணை உருட்டி அவரைப் பார்த்தார்.

அறை விழுகிற காட்சி வந்தது. "நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன்.

சிடியில் அந்த இடத்தில் கன்னம் ஒரு மங்கலான கட்டமாகத் தெரியும். டிஸ்க்கில் தோல் தெரிந்தது. கன்னத்தில் விரல் விரலாகச் சிவந்து தடித்திருந்தது. வாய் ஓரம் துடித்தது. நடிப்பாகத் தெரியவில்லை.

"நெசமாவே அடிச்சிருக்கான்" என்றார் மாமியார்.

"அப்படித்தான் தெரியுது, அத்தே."

அவர் தன் இடது காதைத் தொட்டார். பிறகு என்னிடம், கட்டிலில் கிடப்பவருக்கும் கேட்கிற மாதிரி, ஒரே குரலில் சொன்னார்.

"எனக்குக் கல்யாணமான வருஷம். இவிய கூட வேல பாத்த சார்மாரு நாலஞ்சு பேரு வந்திருந்தாவ. இவிய எதோ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுனாவ. அதுல ஒரு ஸ்பெல்லிங் தப்பு. நான் காப்பி வைக்கும்போது பாத்துட்டு, இது தப்புல்லான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாவ. அவங்க போற வரைக்கும் இவியளும் சிரிச்சிக்கிட்டுதான் இருந்தாவ. வாசல் கேட்ட அடச்சிட்டு வந்து அறஞ்சாவ. ரெண்டு நாள் ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதுவரை நான் அவரை நாக்கில் விஷம் உள்ள மனிதர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். காது கேட்காத மனைவியைக் கேலி செய்கிற மனிதர்கள் எத்தனையோ பேர். தானே செவிடாக்கிய மனைவியை, அறை வாங்குகிற ஒரு செவிட்டுக் கதாபாத்திரத்தின் வசனத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, அதற்கு அவள் பிள்ளைகளையே சிரிக்கப் பழக்கிய மனிதர் என்பது எனக்கு அந்த மத்தியானம்தான் தெரிந்தது. தியேட்டரில் அந்தக் காட்சியைப் பார்த்து அவர் என்ன நினைத்துச் சிரித்திருப்பார் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

"போடு" என்றார் மாமியார். மீதிப் படமும் ஓடியது.

மறுநாளும் அதே படம். அதற்கு அடுத்த நாளும். சாப்பாடு முடிந்ததும் நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிளேயரை இயக்க என்னிடம் கேட்டுப் படித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார். பிணத்தின் காலடியில் இருக்கும் கடிகாரம் படம் முழுக்க ஒரே நேரத்தைக் காட்டுகிறது. கடைசித் தம்பி அழுகிற ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்துத்தான் அழுகிறான். "எடுத்தவன் லேசுப்பட்டவன் இல்ல. எல்லாத்தயும் ஓரத்துல வச்சிருக்கான்" என்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம். அந்த வீட்டில் நான் பயமில்லாமல் சிரித்த நாட்கள் அவைதான்.

நடுவில் மாமனார் "ஆ" என்பார்.

மாமியார் திரும்பி, "சோறு வெந்துட்டு" என்பார்.

முதல் நாள் அதைக் கேட்டபோது நான் பாதி எழுந்துவிட்டேன். மாமனார் இன்னும் சத்தமாக "ஆ, ஆ" என்றார். இடது கையால் கட்டிலைத் தட்டினார். "சோறு வெந்துட்டு" என்றார் மாமியார், அந்த நடிகையின் அதே முகத்தோடு, அதே இழுப்போடு. காட்சி முடிந்த பிறகுதான் எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

அவரைக் கவனித்துக்கொள்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைத்தார். பவுடர் போட்டார். கஞ்சியை வடிகட்டி ஊட்டினார். உடம்பில் ஒரு புண் கிடையாது. கையைக் காலை நீட்டி மடக்க வருகிற பிசியோதெரபிப் பெண், "அம்மா மாதிரி யாராலயும் பாக்க முடியாது" என்பாள். போதகர் ஜெபிக்க வந்தபோது அதையே சொன்னார். பதில் மட்டும்தான் வேறு. எத்தனை ஆ வந்தாலும் ஒரே பதில். சில நாள் அவர் அழுவார். கண்ணீர் காதுக்குள் ஓடும். மாமியார் துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, "இந்த சீன் நல்லாருக்கும் பாருங்க" என்று அவருடைய தலையைத் திரைப்பக்கம் திருப்பிவைப்பார்.

நான் தடுக்கவில்லை. டிஸ்க்கில் தூசி விழாமல் துணியால் துடைத்து வைத்தது நான்தான்.

ஒருநாள் என் கணவர் ஆபீசிலிருந்து தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே வாசலில் நின்று பார்த்தார். உள்ளே அவருடைய அப்பா கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். இவர் ஓடிவந்து அப்பாவின் வாயில் தண்ணீர் வைத்தார். அவர் மடமடவென்று குடித்தார்.

"எம்மா, என்னம்மா செய்யுத நீ?"

"படம் பாக்கேன்."

"தண்ணி கேக்காவம்மா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் காது கேக்காதே."

"பாவம்மா இது. சாவக் கெடக்க மனுசன்."

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அவியளுக்குப் பிடிச்ச படம். அவியளுக்குப் பிடிச்ச வசனம். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் நீங்க மூணு பேரும் உருண்டு உருண்டு சிரிச்சீயளே, இப்ப ஏன் சிரிக்கல?"

என் கணவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். "நீயும் கூட உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க, என்னட்டி?"

"ஆமா" என்றேன். "நல்ல படம்."

அவர் பிளேயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தார். லேசில் உடையவில்லை. இரண்டு மூன்று தடவை வளைக்க வேண்டியிருந்தது. அந்த வாரமே ஆம்புலன்ஸ் பிடித்து அப்பாவை மதுரைக்கு, மூத்தவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றும்போது மாமனார் மாமியாரைப் பார்த்து "ஆ" என்றார். மாமியார் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். அன்று எதுவும் சொல்லவில்லை.

மூத்தவர் மனைவிக்குப் புரட்டிப் படுக்கவைக்கத் தெம்பு இல்லை. கொஞ்ச நாளில் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முதுகில் புண் வந்துவிட்டது என்று சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முன்னால் மாமனார் அங்கேயே இறந்துபோனார். பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். மாமியார் அழவில்லை. துக்கத்தில் உறைந்துவிட்டார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு அவர் நினைவாக நடந்த ஸ்தோத்திர ஆராதனையில் மூத்தவர் அப்பாவைப் பற்றிப் பேசினார். அப்பா எங்களுக்கு எதையும் சிரித்துக்கொண்டே ஏற்கக் கற்றுக்கொடுத்தார் என்றார். அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னார். பேச்சு வேகத்தில், அப்பா அம்மாவுக்கு வைத்த செல்லப் பெயரையும் சொல்லிவிட்டார். கோயிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய பழைய மாணவர்கள் கைதட்டினார்கள்.

மாமியார் முதல் வரிசையில் என் இடதுபக்கம் இருந்தார், ஸ்பீக்கர் அவருடைய கேட்காத காதுப் பக்கம். என் பக்கம் குனிந்து, "எதுக்குச் சிரிக்காவ?" என்றார்.

சொன்னேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நடுப்பாதை வழியாக, பேசுகிறவருக்கு முதுகைக் காட்டி, நிதானமாக நடந்து வெளியே போனார். சிரிப்பு நின்றது. நானும் எழுந்து போனேன். என் கணவர் என் கையைப் பிடிக்கப் பார்த்தார். உதறிவிட்டேன்.

வெளியே ஆட்டோ கிடைத்தது. "காதுக்கு மிஷின் விக்கிற கடை எங்கன இருக்குன்னு கேளு" என்றார். ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருந்தது. கடையில் ஒரு இளைஞர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, வெகுநேரம் சோதித்தார். அப்புறம் விளக்குப் போட்டு இடது காதுக்குள் பார்த்தார்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ரொம்பப் பழசு. உள்ளயும் அடிபட்டிருக்கணும். எப்படிம்மா ஆச்சு?"

"என் புருஷன் அறஞ்சது" என்றார் மாமியார். உரக்கச் சொன்னார். காத்திருந்த மற்ற இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இளைஞர் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இப்ப அந்தக் காதுக்கு எந்த மிஷினும் வேல செய்யாதும்மா. வலது காதுக்கு வேணும்னா ஒண்ணு தாரேன். வயசாகுது, அதுவும் குறையத் தொடங்கும்."

"வலது நல்லாத்தான் கேக்குது. எனக்கு வேண்டியது இது" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"இது இனிமே வராதும்மா."

"சரி" என்று எழுந்துவிட்டார். வீட்டுக்குப் போவதற்கு ஆட்டோ வேண்டாம் என்றார். நாங்கள் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றோம். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, என் கணவர்தான். எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எடுக்காத" என்றார் மாமியார். நான் அதை அணைத்துப் பைக்குள் போட்டேன்.